லாட்டரியில் விழுந்த வல்கன்

போன வாரம் மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு பஞ்சாயத்து. கேரளாவுக்குப் போய்வந்த நண்பன் ஒருத்தன் ஓணம் பம்பர் டிக்கெட்டோடு வந்து உக்கார்ந்தான். முதல் பரிசு 25 கோடி. "விழுந்தா என்னடா பண்ணுவீங்க?"ன்னு ஆளாளுக்கு ஒரு ரவுண்டு போச்சு. ஒருத்தன் ஹோம் லோனை அடைப்பானாம். இன்னொருத்தன் வேலையை விட்டுட்டு ஊர்ல தென்னந்தோப்பு போடுவானாம் (பொட்டி தட்டுறவன் எல்லாருக்கும் கடைசியில் இந்தத் தென்னந்தோப்பு ஏன் வருதுன்னு தெரியல). என் முறை வந்தது. "ஒரு பழைய விமானம் வாங்கி, ரிப்பேர் பண்ணி, பறக்க விடுவேன்"னேன்.

"மச்சி, நீ முதல்ல டிக்கெட் வாங்கி அதுல ஏறிப் போற வழியைப் பாரு" என்று சொல்லிவிட்டு எல்லாரும் தயிர் சாதத்துக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் இது எனக்கு மட்டும் உள்ள கிறுக்கு இல்லை. விமானப் பைத்தியம் பிடிச்ச எவனைக் கேட்டாலும் லாட்டரிப் பணத்துக்கு ஒரே பதில்தான் சொல்லுவான். ஓய்வு பெற்ற ஏதோ ஒரு விமானத்தின் பேரைச் சொல்லி, அதை மறுபடி பறக்க வைப்பேன் என்பான். பெரும்பாலும் அந்தப் பேர் கான்கார்டாக இருக்கும். 2003 அக்டோபர் 24-ஆம் தேதியோடு கான்கார்டின் பயணிகள் சேவை நின்றுபோனபோது, அதை வாங்கி ஓட்ட வெறும் ரசிகர்கள் மட்டும் ஆசைப்படவில்லை. விர்ஜின் அட்லாண்டிக் முதலாளி ரிச்சர்ட் பிரான்சனே விலைக்குக் கேட்டார். அவரிடம் பணம் இருந்தது, விமான கம்பெனி இருந்தது, விமானி இருந்தார்கள். ஆனாலும் நடக்கவில்லை. காரணம், கான்கார்டைப் பராமரிக்கத் தேவையான தொழில்நுட்ப ஆதரவை ஏர்பஸ் நிறுத்திவிட்டது. அந்த ஆதரவு இல்லாமல் பறக்க உரிமம் கிடையாது.

'இவ்வளவுதானா, பணம் இருந்தும் முடியாதா' என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அதே இங்கிலாந்தில் நிஜமாகவே லாட்டரிப் பணத்தில் ஒரு விமானம் பறந்த கதை கிடைத்தது. அதைத்தான் சொல்ல வந்தேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதலில் லாட்டரி. பிரிட்டனில் 1994 நவம்பரில் தேசிய லாட்டரி தொடங்கியது. ஆரம்ப ஏற்பாட்டின்படி டிக்கெட் விற்கும் ஒவ்வொரு பவுண்டிலும் சுமார் 28 பென்ஸ் பொதுக் காரியங்களுக்குப் போகும். கலை, விளையாட்டு, தர்மம், பாரம்பரியம் என்று பிரித்துக் கொடுப்பார்கள். நம்ம ஊர்ல 1968-ல் அண்ணா காலத்தில் அரசு பரிசுச்சீட்டு வந்தபோது 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று சொன்னார்களே, அதே கணக்குதான். (2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியையே தடை செய்தாச்சு, அது தனிக் கதை.) அங்கே பாரம்பரியத்துக்கான பங்கைக் கையாண்ட அமைப்பின் பெயர் ஹெரிடேஜ் லாட்டரி ஃபண்ட். பழைய மாளிகை, பூங்கா, அருங்காட்சியகம், நீராவிக் கப்பல் இவைதான் அதன் வழக்கமான வாடிக்கையாளர்கள். பறக்கிற சாமான் எதற்கும் அவர்கள் அவ்வளவு சீக்கிரம் காசு தருகிற ஆட்கள் இல்லை.

இனி விமானம். பெயர் அவ்ரோ வல்கன். நாலு எஞ்சின், முக்கோண இறக்கை, கிட்டத்தட்ட 34 மீட்டர் அகலம். பார்க்க ராட்சத வௌவால் மாதிரி இருக்கும். இரண்டாம் உலகப் போரில் பேர் வாங்கிய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக்தான் இதற்கும் பிள்ளையார் சுழி போட்டவர். ஆனால் வல்கன் பறந்ததை அவர் பார்க்கவில்லை. 1947 ஆகஸ்ட் 23-ஆம் தேதி, அவ்ரோவின் டியூடர் என்ற பயணிகள் விமானத்தின் சோதனைப் பறப்பில் ஏறினார். அது கிளம்பிய சில நொடிகளில் கீழே விழுந்து அவர் இறந்துபோனார். பராமரிப்பின்போது இறக்கையில் உள்ள ஏலிரான் கம்பிகளை இடம் வலம் மாற்றிப் பூட்டிவிட்டார்கள். விமானி ஒரு பக்கம் திருப்ப, விமானம் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

வல்கனின் முன்மாதிரி 1952-ல் பறந்தது. மொத்தம் 136 செய்தார்கள். வேலை என்னவென்றால் சோவியத் யூனியன் மேல் அணுகுண்டு போடுவது. நல்லவேளை, அந்த வேலைக்கு ஒருநாளும் போகவேண்டி வரவில்லை. ஓய்வு பெறப்போகும் நேரத்தில், 1982-ல், ஃபாக்லாந்து தீவுகளுக்காக அர்ஜென்டினாவோடு சண்டை வந்தது. அட்லாண்டிக் நடுவில் இருக்கும் அசென்ஷன் தீவிலிருந்து ஏப்ரல் 30 இரவு கிளம்பிய ஒரே ஒரு வல்கன், போர்ட் ஸ்டான்லி ஓடுதளத்தின் மேல் 21 குண்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்பியது. போக மட்டும் சுமார் 6,300 கிலோமீட்டர், போய்வர கிட்டத்தட்ட 16 மணி நேரம். வழியில் எரிபொருள் ஊட்ட விக்டர் விமானங்கள் பல. அந்த விக்டர்களுக்கே எரிபொருள் ஊட்ட இன்னும் சில விக்டர்கள். இதில் இன்னொரு வேடிக்கை, அந்த விமானம் உண்மையில் மாற்று ஆட்டக்காரர். முதலில் போகவேண்டிய வல்கனில் கேபின் காற்றழுத்தம் நிற்கவில்லை என்று திரும்பிவிட, மார்ட்டின் விதர்ஸ் ஓட்டிய எக்ஸ்எம் 607 உள்ளே இறங்கியது. 21 குண்டில் ஒன்று ஓடுதளத்தின் நடுவில் விழுந்தது. ராணுவ ரீதியாக அதனால் எவ்வளவு பலன் என்று இன்னிக்கும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ரசிகர்களுக்கு அதெல்லாம் கவலையில்லை. வல்கன் கோயிலில் வைக்கவேண்டிய சாமி ஆகிவிட்டது.

நம் கதாநாயகன் எக்ஸ்எம் 607 அல்ல, எக்ஸ்ஹெச் 558. 1960-ல் விமானப்படையில் சேர்ந்தது. மற்ற வல்கன்கள் எல்லாம் ஓய்வு பெற்ற பிறகும் விமானக் கண்காட்சிகளில் 1992 வரை பறந்தது. புறப்படும்போது எஞ்சினைக் கூட்டும் ஒரு கட்டத்தில், காற்று உள்ளே இழுபடும் வாயில் ஒரு ஊளை எழும்பும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு யூட்யூபில் கேட்டுப் பாருங்க. பக்கத்து சீட்டு அக்கா "என்னப்பா அழுவுற மாதிரி சத்தம்"னு கேட்டாங்க. அந்தச் சத்தத்துக்காகவே கார் அலாரம் எல்லாம் அலற வயலில் மழையில் நின்ற கூட்டம் உண்டு.

அடுத்த பெரிய சர்வீஸுக்கு ஆகும் செலவை நினைத்து விமானப்படை கையை விரித்தது. ரசிகர்கள் மனு போட்டுப் பார்த்தார்கள், எடுபடவில்லை. லெஸ்டர்ஷயரில் ப்ரண்டிங்தார்ப் என்ற பழைய விமானத்தளத்தைச் சொந்தமாக வைத்திருந்த வால்டன் குடும்பம் அதை விலைக்கு வாங்கியது. 1993 மார்ச் 23-ஆம் தேதி அங்கே போய் இறங்கியது. வால்டன்கள் செய்த புத்திசாலித்தனம், விமானத்தோடு சேர்த்து உதிரி பாகங்களையும், பெட்டி பிரிக்காத புது ஒலிம்பஸ் எஞ்சின்களையும் அள்ளிக்கொண்டு வந்தது. (ஒலிம்பஸ் என்றதும் நிமிர்ந்து உக்கார்ந்திருப்பீங்க. ஆமாம், கான்கார்டின் எஞ்சினும் அதே குடும்பம்தான்.) அடுத்த பல வருஷம் அது ஓடுதளத்தில் சும்மா ஓடிக் காட்டியது, பறக்கவில்லை.

1997 வாக்கில் ராபர்ட் ப்ளெமிங் என்பவர் வருகிறார். விமானப்படைக்காரர் இல்லை. கணினி நெட்வொர்க் துறையில் வேலை பார்த்தவர், அதாவது நம்ம ஜாதி. இதை மறுபடி பறக்க வைக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தவர், அடுத்த இருபது வருஷத்துக்கு மேல் வெளியே போகவில்லை. அவர் முதலில் காசு தேடவில்லை. விமானத்தை வடிவமைத்த அவ்ரோவின் வாரிசான பிஏஈ சிஸ்டம்ஸ், எஞ்சினுக்கு ரோல்ஸ் ராய்ஸ், பொறியியல் பொறுப்புக்கு மார்ஷல் ஏரோஸ்பேஸ் என்று மூன்று கம்பெனிகளின் கதவைத் தட்டிச் சம்மதம் வாங்கும் வேலையில் இறங்கினார். பிரிட்டிஷ் விதிப்படி சின்ன பழைய விமானம் என்றால் ஓரளவு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வல்கன் மாதிரி சிக்கலான ஜெட் என்றால், அதன் வடிவமைப்பு அறிவு உள்ள கம்பெனிகள் பின்னால் நின்று 'இது பறக்கலாம்' என்று கையெழுத்துப் போடவேண்டும். கான்கார்டுக்குக் கிடைக்காமல் போனது இதுதான்.

லாட்டரி நிதிக்குப் போட்ட முதல் முயற்சி தோற்றது. இரண்டாவது முயற்சியில், 2003 கடைசியில், சுமார் 27 லட்சம் பவுண்டு சம்மதமானது. அன்றைய மதிப்பில் இருபது கோடி ரூபாய்க்கு மேல். ஏறக்குறைய ஒரு ஓணம் பம்பர்! வாராவாரம் கடையில் ஒரு பவுண்டு கொடுத்து எண்ணைச் சுரண்டியும் குறித்தும் தோற்றுப்போன கோடிக்கணக்கான பேரின் காசு, ஒரு அணுகுண்டு விமானத்தைப் பறக்க விடப் போகிறது. இதை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை என்பது என் கட்சி. அந்தக் காசில் எத்தனை ஊர் நூலகத்துக்கு ஓடு மாற்றியிருக்கலாம்!

விமானத்தைப் பிரித்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது, லாட்டரிக் காசு பத்தாது. பழைய வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போய் சுவரையே இடிக்க வேண்டிவந்த கதை. 2006 ஆகஸ்டில் பணம் சுத்தமாகத் தீர்ந்து, வேலை செய்த பொறியாளர்களுக்கு நோட்டீஸ் கொடுக்கும் நிலைமை. பொதுமக்கள் பத்து, இருபது பவுண்டாக அனுப்பினார்கள். கடைசி நேரத்தில் ஜாக் ஹேவர்ட் என்ற கோடீஸ்வரர் 5 லட்சம் பவுண்டு கொடுத்தார். இந்த மனுஷன் கொஞ்சம் சுவாரசியமானவர். 1970-ல் 'கிரேட் பிரிட்டன்' என்ற 19-ஆம் நூற்றாண்டு இரும்புக் கப்பலை மீட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுவரக் காசு கொடுத்தவரும் இவர்தான். அது எங்கே கிடந்தது தெரியுமா? ஃபாக்லாந்து தீவில்.

ஃபாக்லாந்து போரின் 25-ஆம் ஆண்டு விழா அணிவகுப்புக்கு 2007 ஜூனில் பறக்கவேண்டும் என்று ஆசை. முடியவில்லை. 2007 அக்டோபர் 18-ஆம் தேதி, பதினாலு வருஷத்துக்குப் பிறகு எக்ஸ்ஹெச் 558 தரையை விட்டு எழும்பியது. அரை மணி நேரம் போலச் சுற்றிவிட்டு இறங்கியது. பின்னாளில் அதை ஓட்டியவர்களில் அந்த மார்ட்டின் விதர்ஸும் ஒருத்தர்.

இத்தோடு 'சுபம்' போட்டிருந்தால் சினிமா. ஆனால் லாட்டரிக் கனவு காண்கிற எவனும் யோசிக்காதது இதற்கு அடுத்த நாள் காலைதான். இதைப் பறக்க வைத்திருக்க வருஷத்துக்குச் சுமார் 20 லட்சம் பவுண்டு ஆகும். அதாவது விழுந்த லாட்டரி ஒன்றரை வருஷச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. மீதி எல்லாம் ரசிகர்கள் கொடுத்ததுதான். பென்ஷன்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், டி-ஷர்ட் வாங்கினவர்கள். ஏறக்குறைய ஒவ்வொரு குளிர்காலமும் 'இந்த வருஷத்தோடு முடிஞ்சுது' என்று அறிவிப்பு வரும், காசு சேரும், கோடையில் பறக்கும்.

2012 மே 28-ஆம் தேதி டான்காஸ்டரில் நடந்தது என்னை மாதிரி ஆட்களுக்கு வயித்தைக் கலக்கும். ஈரம் உறிஞ்சுவதற்காக காற்று நுழைவாயில் வைத்த சிலிகா ஜெல் பை. புது ஷூ பெட்டியில் போடுவார்களே, அதன் பெரிய அண்ணன். அதை எடுக்க மறந்துவிட்டார்கள். புறப்பட எஞ்சினைக் கூட்டினதும் ஒரு எஞ்சின் அதை விழுங்கியது. அதிலிருந்து சிதறியது பக்கத்து எஞ்சினுக்குள் போனது. இரண்டும் காலி. நல்லவேளை ஓடுதளத்திலேயே நிறுத்திவிட்டார்கள். பெட்டியில் இருந்த மாற்று எஞ்சின்களைப் பூட்டி அந்தக் கோடைக்குள்ளேயே மறுபடி பறந்தது. ஆனால் ஒலிம்பஸை இனிமேல் யாரும் செய்யப்போவதில்லை. கையிருப்பில் இரண்டு குறைந்தது குறைந்ததுதான்.

2013-14 குளிர்காலத்தில் இறக்கையின் பின்பக்க உத்தரத்தைப் பலப்படுத்தினார்கள். அதனால் இன்னும் இரண்டு கோடை கிடைத்தது. 2014 ஆகஸ்டில் கனடாவிலிருந்து வந்த லங்காஸ்டர், பிரிட்டன் லங்காஸ்டர், நடுவில் வல்கன் என்று மூன்றும் சேர்ந்து பறந்தன. பறக்கும் நிலையில் உலகத்திலேயே மிச்சமிருந்த இரண்டு லங்காஸ்டரும் ஒரே ஒரு வல்கனும் ஒரே வானத்தில். மூன்றுமே சாட்விக்கின் பிள்ளைகள்.

2015 மே மாதம் அறிவிப்பு வந்தது. இந்த முறை காசுப் பிரச்சினை இல்லை. பிஏஈ, ரோல்ஸ் ராய்ஸ், மார்ஷல் மூன்று கம்பெனிகளும் இந்த சீசனோடு ஆதரவை நிறுத்திக்கொள்கிறோம் என்றன. வேறு எந்த வல்கனும் பறக்காத அளவுக்கு, அதைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல், 558 ஏற்கெனவே பறந்துவிட்டது. அதாவது முன்னால் யாரும் நடந்து பார்க்காத பாதை. எந்த இடத்தில் விரிசல் விடும் என்று சொல்லப் பழைய அனுபவம் எதுவும் இல்லை. அதைவிடப் பெரிய காரணம், வல்கனைத் தெரிந்த பொறியாளர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுக்கொண்டிருந்தார்கள். வரைபடம் அலமாரியில் இருக்கும். அதைப் பார்த்து 'இந்த இடத்துல கீறல் விழுந்தா பயமில்ல, அந்த இடத்துல விழுந்தா நிறுத்திடு' என்று சொல்லும் ஆள் வீட்டுக்குப் போய்விட்டார்.

ரசிகர்கள் கொதித்தார்கள். கம்பெனிகளுக்குத் தைரியம் இல்லை, வழக்குக்குப் பயப்படுகிறார்கள் என்றெல்லாம் திட்டினார்கள். முதலில் படித்தபோது நானும் அந்தக் கட்சிதான். இப்போது இல்லை. நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பழைய பில்லிங் மென்பொருள் இருக்கு. எழுதினவர்களில் ஒரே ஒரு பெரியவர் மிச்சம். ஒருமுறை அவர் லீவில் இருந்தபோது நான் ஒரு வரி மாற்றி, 'எல்லா டெஸ்டும் பாஸ்' என்று தைரியமாக ரிலீஸுக்கு ஓகே கொடுத்தேன். மாசக் கடைசியில் மட்டும் ஓடும் ஒரு கணக்கு அந்த வரியை நம்பிக்கொண்டிருந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும். ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு, அவ்வளவுதான், யாரும் சாகவில்லை. வல்கனில் அப்படி ஓகே கொடுக்க முடியுமா? ஏலிரான் கம்பியை மாற்றிப் பூட்டினவனுக்கும் அன்றைக்குக் காலையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கும். அந்த ஒரு தப்பில்தான் வல்கனை வரைந்தவரே போனார். மூன்று கம்பெனிகளின் முடிவு வந்து மூன்றே மாசத்தில், 2015 ஆகஸ்ட் 22-ஆம் தேதி, ஷோரம் கண்காட்சியில் ஒரு பழைய ஹன்டர் ஜெட் நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். அதன் காரணம் வேறு, விமானி ஓட்டிய விதம். ஆனால் இறந்தவர்கள் எல்லாரும் தரையில் இருந்தவர்கள். கையெழுத்துப் போடுகிறவன் இதையெல்லாம் நினைக்காமல் பேனாவைத் திறப்பானா?

'போதுமான பணம் இருந்தா அந்தப் பொறியாளர்களையே சம்பளத்துக்கு வச்சிருக்கலாமே' என்று கேட்கலாம். போதுமான பணம் இருந்தவர் ஒருத்தர் இருந்தார். மைக்ரோசாஃப்டின் பால் ஆலன். உலகப் போர் விமானங்களாகத் தேடித்தேடி வாங்கி, பழுது பார்த்து, பறக்கவும் விட்டு, 2004-ல் சியாட்டில் பக்கம் பொதுமக்களுக்குத் திறந்தும் வைத்தார். 2018-ல் அவர் இறந்தார். 2020-ல் அது மூடப்பட்டது. 2022-ல் வால்மார்ட் குடும்பத்து ஸ்டூவர்ட் வால்டன் வாங்கி, 2023-ல்தான் மறுபடி திறந்தது. (இந்த வால்டன் வேறு, அந்த வால்டன் வேறு. விமானம் வாங்க அந்தப் பேர் ராசி போல.) ஆலனுடையவை பெரும்பாலும் புரொப்பல்லர் விமானங்கள். அவற்றின் எஞ்சினைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த பட்டறைகள் இன்னும் இருக்கின்றன, பையன்கள் கற்றுக்கொள்கிறார்கள். நாலு ஜெட் எஞ்சின் அணுகுண்டு விமானத்துக்கு அப்படிப் பட்டறை எங்கே?

கடைசிப் பறப்பு 2015 அக்டோபர் 28-ஆம் தேதி. தேதியை முன்கூட்டியே சொன்னால் கூட்டம் விமான நிலையத்தையே முற்றுகையிட்டு, சாலை அடைத்து, ஆபத்தாகிவிடும் என்று கடைசி வரை வெளியே விடவில்லை. கோடிக்கணக்கான பேர் காசு போட்டுப் பறக்க வைத்த விமானம், கால் மணி நேரம் போல டான்காஸ்டர் மேல் சுற்றிவிட்டு, பெரிய கூட்டம் எதுவும் இல்லாமல் இறங்கியது. ப்ளெமிங் 2021-ல் காலமானார். 2022-ல் அந்த விமான நிலையமும் மூடப்பட்டது. வல்கன் மட்டும் அங்கேயே நின்றது.

நண்பனோட டிக்கெட்டுக்கு ஒண்ணும் விழல. ஐநூறு ரூபாய் போச்சு. "உன் ஏரோப்ளேன் தப்பிச்சுது"ன்னான். அடுத்த வருஷம் பாதிப் பங்குக்கு நானும் வர்றேன்னு சொல்லியிருக்கேன் :-)